இடாப்பில் இல்லாதவள்

படிக்கட்டுக்குப் பக்கத்துக் கதவைத் தட்டுகிறார்கள். அறுபத்தோராம் இலக்கம். மூன்று தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு. கேத்திலுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நான் குழாயை மூடுகிறேன், ரீவியின் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து இல்லாமலே ஆக்குகிறேன், முன்னறை யன்னல் திரையை இழுக்கப் போய்ப் பாதியில் நிற்கிறேன், ஒன்பதாம் மாடி யன்னலைக் கீழேயிருந்து யார் அண்ணாந்து பார்க்கப்போகிறார்கள். சனிக்கிழமை பின்னேரம் மூன்றேகால். கவுன்சில் ஆக்கள் சனிக்கிழமைகளில் வருவதில்லை, மற்ற நாட்களிலேயே வருவதில்லை. பார்சல் கொண்டுவருகிறவன் நேரே தனக்கு வேண்டிய கதவுக்குப் போவான். ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருகிறவர்களின் கையில் ஒரு லிஸ்ற் இருக்கும். லிஸ்ற் என்றால் அதில் பெயர்கள் இருக்கும். எலக்சனுக்கு இன்னும் பத்தொன்பது நாள் என்று காலையில் ரேடியோவில் சொன்னார்கள், அப்படியானால் கட்சிக்காரர்தான், கட்சிக்காரர்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் என் ஈரக்கை கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இந்த மாடியில் எட்டு வீடு. எங்களுடையது அறுபத்தெட்டு, கொரிடோரின் கடைசி, அதற்கு அங்கால் வெறும் சுவர். முதல் கதவிலிருந்து கடைசிக் கதவுக்கு வந்துசேர எவ்வளவு நேரம் எடுக்கும். யாரும் திறக்காவிட்டால் ஐந்து நிமிசம். திறந்து கதைத்தால் அரை மணித்தியாலம். திறக்கட்டும், எல்லாரும் திறந்து நன்றாகக் கதைக்கட்டும், தட்டுகிறவர்கள் களைத்துப்போய்ப் பாதியிலேயே திரும்பட்டும். அறுபத்தொன்று திறக்கவில்லை. பேனையைச் சொடுக்குகிற சத்தம் கேட்கிறது. கேட்க முடியாது, நடுவில் எவ்வளவு தூரம், ஆனாலும் கேட்கிறது.

அவர் யன்னல் ஓரத்தில் சில்லுக்கதிரையிலேயே கண்ணயர்ந்துவிட்டார். என் மனிசன், தில்லைநாதன், அறுபத்துநாலு வயது, பாரிசவாதம் வந்து ஒன்றரை வருசம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சில் மிஞ்சியது நாலே சொல், ஓம், இல்லை, தண்ணி, போதும். நாலு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு சண்டை பிடிக்கலாம் என்பதை இந்த ஒன்றரை வருசத்தில் அறிந்துகொண்டேன். லிஃப்ற் நின்று இன்றோடு ஒன்பது கிழமை. ஒன்பது கிழமையாக அவர் நிலத்தைத் தொடவில்லை, ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகவில்லை, யன்னலுக்குக் கீழே பஸ் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பக்கத்து மேசையில் ஐந்து நோட்டீஸ். ஐந்தும் ஒரே நாளில் ஒரே தபாலில் வந்தன, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஒன்றில் அவருடைய முகம் இருக்கிறது. போன ஐப்பசியில் எங்கள் எம்பி மூன்று பேரோடும் ஒரு கமெராவோடும் இந்தக் கொரிடோருக்கு வந்தார், வாசலில் இருந்த இவரைக் கண்டதும் முழங்காலில் குந்தி இவருடைய வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையில் உணர்ச்சி இல்லை என்று நான் சொல்வதற்கிடையில் படம் எடுத்துவிட்டார்கள். நான் சொன்னதைக் கேட்டு எம்பி சிரித்தார், என் இங்கிலிஷ் விளங்கவில்லையோ என்னவோ. இப்போது அந்தப் படம் பளபளப்பான தாளில், உங்களோடு நிற்கிறோம் என்ற எழுத்துக்குக் கீழே, இவருடைய வாய் ஒரு பக்கம் கோணி, சிரிப்பதுபோல. இன்னொரு நோட்டீசில் கொடி, இந்த நாடு நிரம்பிவிட்டது, இனி இடமில்லை என்று பெரிய எழுத்தில். இரண்டும் ஒரே மாதிரித் தாள், ஒரே மாதிரி மணம்.

அறுபத்திரண்டைத் தட்டுகிறார்கள். அங்கே பகலில் யாரும் இல்லை. இவர் எழும்பக்கூடாது. எழும்பினால் கதவைத் திற என்று இடதுகையால் காட்டுவார், ஏனென்றால் இவருக்கு எலக்சன் என்றால் ஒரு திருவிழா. இங்கே வந்த காலம் தொட்டு ஒரு எலக்சன் விட்டதில்லை. பெற்றோல் ஷெட்டில் இரவு முழுக்க நின்றுவிட்டு வந்து, குளித்து, ரை கட்டி, சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டு, பள்ளிக்கூட மண்டபத்துக்கு நடந்து போவார். பென்சிலைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள், வாசலில் பொலிஸ்காரன்கூட இல்லை, ஒருத்தரும் ஒருத்தருக்கும் பயமில்லை என்று வந்து சொல்லுவார், ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்த்ததுபோல. இந்த முறை தபால் வாக்குக்கு விண்ணப்பம் வந்தது. மகள்தான் பிரிஸ்டலிலிருந்து அனுப்பினாள், அப்பாவுக்கு நிரப்பிக் கொடுங்கோ அம்மா என்று. அது இப்போது குசினி லாச்சிக்குள், பழைய பற்றறிகளுக்குக் கீழே. அவர் நாலு நாளாகத் தேடுகிறார், மேசையைக் காட்டுகிறார், கதவைக் காட்டுகிறார், என்னைக் காட்டுகிறார். படி இறங்கித் தபாலில் போட எனக்கு முழங்கால் ஏலாது என்றேன். பாலுக்கும் மரக்கறிக்கும் ஒன்றுவிட்டொரு நாள் ஒன்பது மாடி இறங்கி ஏறுகிறவள்தான் அப்படிச் சொன்னேன். எதற்குப் போட வேண்டும். வாக்குத்தாளில் இவர் போட்ட ஒவ்வொரு புள்ளடிக்கும் என்ன வந்தது. லிஃப்ற் வந்ததா. நெருப்புப் பிடிக்கும் என்ற வெளிச்சுவர்ப் பலகை மாறியதா. இவருடைய செத்த கையைப் பிடித்துக் குலுக்கினவருக்கு இவர் தன்னுடைய மற்றக் கையால் புள்ளடி போட வேண்டுமா.

இப்போது அறுபத்துமூன்று. பொலீன் திறந்துவிட்டாள், அவள் கதவு நிலத்தில் உரசுகிற சத்தம். எண்பது வயதுக்காரி, இந்தக் கட்டடம் திறந்த நாளிலிருந்து இருக்கிறவள், காது மந்தம் என்பதால் ஊருக்கே கேட்கக் கதைப்பாள். முப்பது வருசப் பழக்கத்தில் அவள் இங்கிலிஷ் எனக்குத் தமிழாகத்தான் விழுகிறது. “இஞ்ச பார் பிள்ளை,” என்கிறாள், “நாற்பத்தைஞ்சு வருசம் உங்கட கட்சிக்குத்தான் போட்டனான். எனக்கு முதல் என்ர அப்பா போட்டவர். இந்த முறை அந்தத் தாளில ஒரு கெட்ட வார்த்தை எழுதிப்போட்டு வரப்போறன்.” மற்றக் குரல் என்னவோ சொல்கிறது, மெல்லிய குரல், பெண்குரல், இளம்பிள்ளை. “மற்றவைக்குப் போடமாட்டன்,” என்கிறாள் பொலீன். “அவையளும் இதே வாயால இதைத்தான் சொல்லுவினம். லிஃப்ற்றைத் திருத்திப்போட்டு வா. பிறகு கதைப்பம்.” அவள் சிரிக்கவில்லை. முந்தி என்றால் கட்சிக்காரரை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்து, அரை நாள் வாதாடி, சிரித்துத்தான் அனுப்புவாள். இப்போது அவள் குரலில் வேறொன்று இருக்கிறது. போன கோடையில் எங்கோ ஒரு ஊரில் அகதியாக வந்த வெளியாட்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு நெருப்பு வைத்ததை ரீவியில் காட்டிய அன்று அவள் எனக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தாள். பாவங்கள் என்றாள். பிறகு, ஆனால் சனத்துக்கும் வேற வழி இல்லை, ஒருத்தரும் கேக்கினம் இல்லையே என்றாள். நான் தலையாட்டினேன். அன்றிரவு படுக்கையில் அந்தத் தலையாட்டலை நினைத்து என் கழுத்தே எனக்கு வேறு யாருடையதோ போல இருந்தது.

நெருப்பு என்று நினைக்கக்கூடாது என்று நினைத்தால் நெருப்புத்தான் வரும். மூன்று வருசத்துக்கு முந்தி வந்து பார்த்தவர்கள் இந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒட்டியிருக்கிற பலகை பத்திக்கொள்ளும் என்று எழுதிவிட்டுப் போனார்கள். பலகையைக் கழற்றவில்லை. அதற்குப் பதிலாக மஞ்சள் ஜாக்கெற் போட்ட ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள், கோஜோ, கானா நாட்டவன், மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாடி மாடியாக நடந்து மூக்கை உறிஞ்சி மணந்துகொண்டு போவான். இடுப்பில் காற்றூதி ஒன்று தொங்கும், கப்பல் சங்கு மாதிரிச் சத்தம் போடுமாம். அந்தச் சத்தம் கேட்டால் எல்லாரும் படியால் இறங்க வேண்டும். இறங்க முடியாதவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், ஆக்கள் வருவார்கள். கடிதத்தில் அப்படித்தான் இருந்தது, ஆக்கள் வருவார்கள். ஏழாவது கிழமை ஒருநாள் காலையில் நான் இவரைப் படுக்கை விரிப்பில் கிடத்தி, வாசல் மட்டும் இழுத்து, கொரிடோர் முழுக்க இழுத்து, படி மட்டும் கொண்டுபோய்ப் பார்த்தேன். நாலு படி. நாலாவது படியில் என் இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. அவர் தலை என் மடியில், கால் மேல்படியில், அப்படியே இருபது நிமிசம் இருந்தோம். போதும் என்றார். நாற்பது வருசத்துக்கு முந்தி எங்கள் சந்திக்கு வந்தவர்களும் ஆக்கள்தான். ஆக்கள் வருவார்கள் என்ற சொல் எனக்குப் படிக்கக் கூடாத சொல்.

அறுபத்துநாலு. தட்டுகிறாள். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் அவர்கள் தட்டவில்லை, தட்டத் தேவையிருக்கவில்லை. எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா தபால் கந்தோரில் கிளார்க். ஒவ்வொரு வருசமும் வாக்காளர் இடாப்புக்குப் பெயர் கேட்டுக் கிராம சேவகர் படிவம் கொண்டுவருவார், அப்பா கண்ணாடியைப் போட்டு, கறுப்பு மையால், பதினெட்டு முடிந்த எல்லாருடைய பெயரையும் தகப்பன் பெயரோடு ஒரு வெட்டுக்கொத்து இல்லாமல் எழுதுவார், எழுதிய தாளை உலர வைத்து எங்களைப் பார்க்கச் சொல்லுவார். எண்பத்துமூன்று ஆடியில் நாங்கள் பின்வளவு மிஸிஸ் த சில்வா வீட்டுக் குளியலறைக்குள் குந்தியிருந்தோம், அம்மா, அப்பா, நான். காற்றுப் போகிற ஓட்டையால் ஒழுங்கை தெரிந்தது. பெற்றோல் கானும் பொல்லும் வைத்திருந்தவர்களை நான் பார்க்கவில்லை, பார்த்திருப்பேன், அவர்களின் முகம் ஒன்றும் நினைவில் இல்லை. நினைவில் இருப்பது அவர்களுக்கு முன்னால் நடந்த ஒருவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, சீவிய தலை, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி. கையில் தட்டச்சு அடித்த தாள்க்கட்டு. ஒவ்வொரு கேற்றுக்கும் முன்னால் நின்று, விரலை வைத்து வரியைத் தேடி, இருக்கிறது என்றால் தலையை அசைத்தார். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி வாடகைக்கு வந்திருந்த மட்டக்களப்புக் குடும்பம் இன்னும் பெயர் பதியவில்லை, அந்தக் கேற்றைத் தாண்டிப் போய்விட்டார். எங்கள் கேற்றில் நின்றார். அப்பாவின் பெயரை முதலெழுத்தோடு முழுக்கச் சத்தமாக வாசித்தார், ஒரு பிழை இல்லாமல். எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்த அப்பா, பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்லிப் பழகிய மனிதர், நிமிர்ந்தார், வாய் திறந்தது. அம்மா பாய்ந்து அந்த வாயைப் பொத்தினா. வீடு எரிந்து முடியுமட்டும் கையை எடுக்கவில்லை. பிறகு பள்ளிக்கூட முகாமில், சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது, அப்பா தனக்குத்தானே சொன்னார், என்ர எழுத்து தெளிவாய் இருந்திட்டுது என்று. கப்பலில் காங்கேசன்துறைக்குப் போகிற வழி முழுக்க அதையே சொன்னார். அதற்குப் பிறகு அவர் எந்தத் தாளிலும் பெயர் எழுதி நான் காணவில்லை.

அறுபத்தைந்து, அறுபத்தாறு, இரண்டிலும் பதில் இல்லை, சப்பாத்துச் சத்தம் கிட்ட வருகிறது. எனக்குத் தெரியும். என் பெயர் டொக்டரிடம் இருக்கிறது, ரெலிபோன் கொம்பனியிடம் இருக்கிறது, பாஸ்போட்டில் இருக்கிறது, இந்த வீட்டுப் பத்திரத்தில் இருக்கிறது. இடாப்பில் இல்லாமல் விட்டதால் நான் இல்லாமல் போய்விடவில்லை. இதை மகள் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லிவிட்டாள், வக்கீல் மாதிரிப் புள்ளி புள்ளியாக. இவர் ஒருமுறைதான் கேட்டார், கலியாணம் முடித்து இங்கே வந்த முதல் வருசம், படிவத்தில் என் பெயரை எழுதத் தொடங்கியபோது. நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பேனையை மூடினார், பிறகு எந்த வருசமும் கேட்கவில்லை. அதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன். ரீவியில் கதைக்கிறவர்களைப் பார்த்து எல்லாரும் கள்ளர், ஆர் வந்தாலும் இதுதான் என்று நானும் சொல்லுவேன். பொலீன் சொன்னால் அது கோபம், அவள் கொடுத்துக் கொடுத்து ஏமாந்தவள். நான் ஒன்றும் கொடுக்காமலே ஏமாந்தவள் மாதிரிக் கதைக்கிறேன். பயத்துக்கு மேலே ஒரு நல்ல சேலையைப் போர்த்தி வைத்திருக்கிறேன். ஓம், பயம்தான். அறுபத்தேழு. தட்டுகிறாள், நிற்கிறாள். எங்கள் சுவர் வழியாக அந்தத் தட்டு என் பல்லில் கேட்கிறது. இவர் உறக்கத்தில் உதட்டைச் சப்புகிறார். நான் அசையவில்லை. நாங்கள் வீட்டில் இல்லை. இந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

எங்கள் கதவில் தட்டு விழுகிறது. மூன்று, பிறகு இரண்டு. நான் கதவுக்கும் அவருக்கும் நடுவில், கம்பளத்தில், இரண்டு பக்கமும் நாலு அடி. தாளைப் புரட்டுகிற சத்தம். பிறகு அந்த இளம் குரல் கதவோடு வாயை வைத்து, “மயில்வாகனம் தில்லைநாதன்?” என்கிறது. இங்கிலிஷ்காரர் சொல்கிற மாதிரி இல்லை. ல் இருக்க வேண்டிய இடத்தில் ல், ன் இருக்க வேண்டிய இடத்தில் ன், ஒரு பிழை இல்லாமல். அவர் கண்ணைத் திறக்கிறார். நான் பாய்கிறேன், நாலு அடி, கை நீட்டினபடி, எட்டவில்லை.

“ஓம்,” என்கிறார் அவர், அறை நிறைய.

இனி என்ன செய்ய. கதவுச் சங்கிலி போட்டபடியே திறக்கிறேன். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுப் பெண், கோட்டில் கட்சியின் துணிப்பூ, ஏறி வந்த களைப்பில் முகம் சிவந்து உதடு காய்ந்திருக்கிறது. நெஞ்சோடு ஒரு தாள்ப்பலகை.

“அன்ரி, நானும் தமிழ்தான்,” என்றாள். “அங்கிளைப் பாக்கலாமோ?”

“அவருக்குக் கதைக்கேலாது, பிள்ளை.”

“ஓம்,” என்றார் உள்ளேயிருந்து.

அவள் சிரித்தாள். “கொஞ்சம் தண்ணி தருவீங்களோ அன்ரி. ஒன்பது மாடியும் ஏறினது.”

தண்ணீர் கேட்டால் எப்படி இல்லை என்பது. சங்கிலியைக் கழற்றினேன். அவள் உள்ளே வந்து, தாள்ப்பலகையையும் பேனையையும் அவருக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கிளாஸை வாங்கிக் குடித்தாள். குடிக்கும்போதே நோட்டீசைக் கண்டாள். “இது அங்கிள்தானே,” என்றாள் சந்தோசமாக.

“அந்தக் கையில உணர்ச்சி இல்லை, பிள்ளை.”

அவள் படத்தைப் பார்த்தாள், மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். கிளாஸை மெதுவாக வைத்தாள். தாள்ப்பலகையைப் பார்த்து, “உங்கட பேர் இதில இல்லையே அன்ரி,” என்றாள். “வேற ஆரும் இருக்கினமோ இந்த வீட்டில?”

“இல்லை,” என்றேன். “இவர் மட்டும்தான். நான் இவரைப் பாக்க வந்து போறனான்.”

இவ்வளவு சுலபமாக வந்தது. முப்பத்தொரு வருசம் சமைத்த குசினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். “இல்லை,” என்றார். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்து இன்னும் சத்தமாக, “இல்லை. இல்லை.”

அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். கண்ணைத் தாழ்த்தினாள். “செவ்வாய்க்கிழமைதான் பதியக் கடைசி நாள் அன்ரி. ஃபோனிலேயே செய்யலாம், ரெண்டு நிமிசம்.”

“அந்த லிஸ்ற் ஆரிட்டயெல்லாம் இருக்கும்?”

“எல்லாக் கட்சிக்கும் குடுப்பினம்.”

“அவையளுக்கும்?” கொடி போட்ட நோட்டீசை விரலால் தள்ளினேன்.

அவள் அந்தக் கொடியைப் பார்த்தாள். “ஓம்,” என்றாள். “அவையளுக்கும்தான்.” பிறகு, “என்ர அம்மாவும் பதியேல்ல அன்ரி. ஏனெண்டு கேட்டா அறைக்குள்ள போயிடுவா. உண்மையைச் சொன்னா, எங்கட ஆக்கள் வந்தா லிஃப்ற்றைத் திருத்துவினமோ எண்டு எனக்குத் தெரியாது. சொல்லு எண்டு தந்ததைச் சொல்லுறன். ஆனா வீட்டில சும்மா இருக்க எனக்குப் பயமாயிருக்குது.”

பயம் என்று அவள் சொன்னதை யோசித்துக்கொண்டிருந்தேன், இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு என்ன பயம், யாரைப் பார்த்துப் பயம் என்று. அதனால் அவருடைய இடதுகை மேசைக்குப் போனதைக் காணவில்லை. பேனை தாளில் கீறுகிற சத்தத்தில்தான் திரும்பினேன். தாள்ப்பலகையைத் தன்பக்கம் இழுத்து, தன்னுடைய பெயருக்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில், பழக்கமில்லாத கையால், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறார். ஒரு எழுத்து முடிந்துவிட்டது. கோணல் சுவர், கோணல் நிலம், மற்றச் சுவர். ப. என்னுடைய முதல் எழுத்து. இரண்டாம் எழுத்துக்குப் பேனையைக் கொண்டுபோகிறார், தெளிவாக எழுத வேண்டுமென்று அவ்வளவு கவனமாக. நான் பேனையைப் பிடித்தேன். அவர் விடவில்லை. அந்த ஒரு கையில் அவருக்கு இரண்டு கையின் பலம் இருக்கிறது. தாள் கிழிந்தது. நான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன், சின்னவிரல், மோதிரவிரல், நடுவிரலைப் பின்னுக்கு மடக்கினேன், மடங்காத பக்கத்துக்கு, எனக்குத் தெரிந்துதான் மடக்கினேன். ஒரு சொடுக்குச் சத்தம். பேனை விழுந்தது. அவர் அந்தக் கையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தார், அடி விழப்போகிறது என்று நினைக்கிறவர் பிடிப்பதுபோல, விரலிடுக்கால் என்னைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் பிள்ளை தாள்களைப் பொறுக்கினாள், கிழிந்ததையும் எடுத்தாள். சொறி அன்ரி என்றாள், அவள் எதற்கு மன்னிப்புக் கேட்டாள் என்று தெரியவில்லை. கதவு சாத்துப்பட்டது. கொரிடோரில் சப்பாத்துச் சத்தம் ஓட்டமும் நடையுமாகப் போகிறது. நான் கதிரைக்கு முன்னால் முழங்காலில் இருக்கிறேன், அந்தக் கையைக் கேட்டு என் கையை நீட்டுகிறேன், அவர் தரவில்லை. கதிரையோடு தன்னை ஒடுக்கிக்கொள்கிறார். இந்தப் பார்வையை நான் எங்கே பார்த்தேன் என்று தேட வேண்டாம், தேடினால் கிடைத்துவிடும். ஒன்றரை வருசமாக நான் துடைத்து, உடுப்பாட்டி, ஊட்டி, தூக்கி இருத்திய மனிதருக்கு என்னைப் பார்த்துப் பயம். இந்த ஒன்பது மாடியில், நெருப்பில் அல்ல, கொடியில் அல்ல, அவருக்கு முன்னால் முழங்காலில் இருக்கிற என்னைப் பார்த்து. நடுவிரல் வீங்கத் தொடங்குகிறது. ஐஸ் வைக்க வேண்டும். லாச்சியைத் திறந்து அந்தப் படிவத்தை எடுக்க வேண்டும், கையெழுத்துப் போட அவருக்கு இனி எந்தக் கை இருக்கிறது. “இஞ்சேருங்கோ,” என்கிறேன். “இஞ்சேருங்கோ, நான்தான்.” அவர் கண்ணை மூடிக்கொண்டார். போதும் என்றுகூடச் சொல்லவில்லை.

நான் எழும்புகிறேன். எப்போது எழும்பினேன், எப்போது கதவைத் திறந்தேன், வெறுங்காலில் கொரிடோரின் சீமெந்து குளிர்ந்தது. அறுபத்தேழைத் தாண்டி, அறுபத்தைந்தைத் தாண்டி, பொலீனின் கதவில் ஒரு கண் தெரிந்தது, படிக்கட்டுக்கு வந்து இரும்புக் கைப்பிடியில் வயிற்றை முட்டிக்கொண்டு கீழே எட்டிப் பார்க்கிறேன். ஆறாம் மாடியோ ஐந்தாம் மாடியோ, அவளுடைய கை மட்டும் கைப்பிடியில் சுற்றிச் சுற்றிக் கீழே போகிறது. கூப்பிட வேண்டும். என்ன சொல்லிக் கூப்பிடுவது. தண்ணீர் கொடுத்தேன், தாயைப் பற்றி அவள் சொன்னதைக் கேட்டேன், பெயரைக் கேட்கவில்லை. பிள்ளை என்று கூப்பிட்டால் எத்தனை பிள்ளைகள் இருக்கிற கட்டடம் இது. வாய் திறந்திருக்கிறது, ஒன்றும் வரவில்லை, கை கீழே போய்க்கொண்டிருக்கிறது, நாலாம் மாடி.

“பத்மலோசனி,” என்று கத்தினேன். “தில்லைநாதன் பத்மலோசனி. அறுபத்தெட்டாம் இலக்கம்.”

என்னுடைய குரல் மாதிரி இல்லை. சுவருக்குச் சுவர் மோதி, ஒவ்வொரு மாடியாக இறங்கி, எல்லாருடைய கதவுக்கும் முன்னால் நின்று என் பெயரைச் சொல்லிக்கொண்டு போனது. கீழே கை நின்றது. எங்கோ ஒரு கதவு திறக்கிற சத்தம். அதற்கும் கீழே இன்னொன்று. ஒரு ஆண்குரல் என்ன என்று கேட்டது, எனக்குத் தெரியாத குரல். பிறகு காலடி மேலே ஏறத் தொடங்கியது, ஒருத்தியுடையது மட்டும் அல்ல. நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். உள்ளே போகவில்லை.